மெஷின் நிற்பதற்குள்

"கடகடகடகட" என்று மெஷின்காரன் வாயாலேயே கலவை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். போனில் கேட்டால் அசல் மெஷின் போலவே இருக்கும். நடுநடுவே ஜல்லி சிக்கிக்கொண்டது மாதிரி ஒரு முக்கல்கூட முக்குவான். அந்தச் சத்தம் நிற்பதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். நின்றுவிட்டால் அந்தக் கேள்வி செத்த மாதிரிதான்.

"மூணு இதயம் இருக்கிற உயிரினம் எது? கடகடகட... சொல்லுக்கா, டீசல் தீருது."

"மூணு இருக்கிறது தெரியாது. ஒன்னுகூட இல்லாத ஆளு ஒருத்தரு தெரியும். நான் கூட்டிப் பெருக்கிற ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருக்காரு" என்றாள் சித்தாள் அக்கா.

"அது கணக்குல வராது. கம்பி அண்ணே, நீங்க?"

"மாடுடா" என்றார் கம்பிக்காரர். குரல் முன்பு போல் ஏறவில்லை என்றாலும் வழக்கு மட்டும் பேசினார். "மாட்டுக்கு வயிறே நாலு. நாலு வயித்துக்கு ஒரே இதயம் எப்படிப் பத்தும்? மூணாவது வேணும்ல?"

எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை கொத்தனார் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமி ஒரு இருமல் இருமினார். "இரு, இரு, நாக்குல நிக்குது... கடல்ல இருக்குமே, கை கையா... ஆக்டோபஸ்!"

மெஷின் நின்றது.

"சரிதான்" என்றான் மெஷின்காரன். "இன்னைக்கும் நீங்கதான் மேஸ்திரி."

"சரிங்க மேஸ்திரி" என்றாள் அக்கா. கம்பிக்காரரும் சொன்னார், சற்றுத் தாமதமாக. கொத்தனாரின் பின்னால் அவர் மனைவி கையைத் தட்டினாள். அந்தக் கைதட்டல் போன் வழியாக மூன்று வீட்டுக்கும் போயிற்று.

இந்த நால்வரும் ஒரு காலத்தில் ஒரே செட்டாக வேலை பார்த்தவர்கள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்தது என்று கூடவே போவார்கள். கொத்தனார் பூசினால் அக்கா சாந்து எடுத்துக் கொடுப்பாள். கம்பிக்காரர் கட்டிய கம்பிக்கு மேல் மெஷின்காரனின் கலவை விழும். அப்படி ஒரு சைட்டில்தான் கம்பிக்காரர் சாரத்திலிருந்து தவறி விழுந்தார். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே அவருக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. வலது கையையும் தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. அதற்குப் பிறகு செட் கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அக்கா சித்தாள் வேலையை விட்டுவிட்டு ஒரு ஆபீஸைச் சுத்தம் செய்யப் போனாள்.

முதலில் எல்லோரும் மாறி மாறிப் போய்ப் பார்த்தார்கள். போய் என்ன பேசுவது? "எப்படி இருக்கே", "அப்படியேதான் இருக்கேன்". இதையே எத்தனை முறை கேட்பது? மெஷின்காரன்தான் யோசித்தான். போனில் கிடைக்கிற ஒரு கேள்வி-பதில் விளையாட்டைப் பிடித்தான். வேலை முடிந்து எல்லோரும் கைகால் கழுவி வந்ததும், நாலு பேரையும் ஒரே லைனில் இழுத்துப்போட்டு, அவன் கேள்வியைப் படிப்பான், மற்றவர்கள் சொல்வார்கள். போனில் தேடிப் பார்த்துச் சொல்லக் கூடாது. அன்றைக்கு அதிகம் சரியாகச் சொன்னவர் மறுநாள் விளையாட்டு வரைக்கும் மேஸ்திரி. அவர் என்ன சொன்னாலும் மற்றவர்கள் "சரிங்க மேஸ்திரி" என்று முடிக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசு.

ஆரம்பத்தில் அந்தப் பட்டம் கம்பிக்காரரிடமேதான் இருந்தது. அவருக்குப் பதில்கள் தெரியும் என்றில்லை. அடித்துவிடுவார். பத்து அடித்தால் நாலு பலிக்கும். பலிக்காததற்கும் வக்கீல் மாதிரி வாதாடுவார். படுத்த படுக்கையிலிருந்து, "டேய் மெஷினு, நாளைக்கு லேட்டா வந்தே, அரை நாள் சம்பளம் கட்" என்று மிரட்டுவார். "சரிங்க மேஸ்திரி" என்று மூன்று பக்கமிருந்தும் வரும். வெறும் பேச்சுதான், முகம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் மாலையானால் மனைவியைக் கூப்பிட்டுத் தலை சீவிவிடச் சொல்வாராம்.

கொத்தனார் அந்த நாட்களில் வாயே திறக்க மாட்டார். ஓரமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். நாற்பது வயது தாண்டும் வரை கைநாட்டு. அவருக்கு எழுத்தைக் காட்டியவரே கம்பிக்காரர்தான். சாப்பாட்டு நேரத்தில் கட்டுக்கம்பியை வளைத்து ஒரு 'அ' செய்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாரு மச்சான். செவுரு மேடு பள்ளம் பாக்கிற கைதானே? இதுவும் பிடிபடும்" என்றார். அப்படி ஒவ்வொன்றாகக் கையில் ஏறி, பிறகு கண்ணுக்கு வந்தன எழுத்துகள். இப்போது பஸ் போர்டு படிப்பார்; பேப்பரில் பெரிய எழுத்துகளைப் படிப்பார். நீளமான வரி என்றால் கடைசிக்குப் போவதற்குள் முதலில் இருந்தது நழுவிவிடும்.

"கொத்தனார் அண்ணன் லைன்ல இருக்காரா, இல்ல போனை செவுத்துல வச்சுப் பூசிட்டாரா?" என்று மெஷின்காரன் கிண்டல் பண்ணுவான். எல்லோருடனும் சேர்ந்து கொத்தனாரும் சிரிப்பார். அடுப்படியிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். "ஏதாவது ஒன்னு சொன்னாத்தான் என்ன? வாயில என்ன பசை போட்டா ஒட்டியிருக்கு?" என்பாள். அதற்கும் சிரிப்பார். இரவு சாப்பாடு இறங்காது.

பிறகொரு நாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனில் எதையோ அமுக்கப்போய் வேறேதோ திறந்துகொண்டது. கலர் கலராகப் பெட்டிகள். நடுவில் ஒரு கேள்வி. எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ஒட்டகத்தின் திமிலில் இருப்பது என்ன?' அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் மாலை மெஷின்காரன் கேட்ட அதே கேள்வி. தண்ணீர் என்று எல்லோரும் கத்த, கொழுப்பு என்று சிரித்தானே, அதேதான். கொழுப்பைத் தொட்டார். பச்சை எரிந்தது. அடுத்தது ஒட்டகச்சிவிங்கி. அதுவும் நேற்றையதுதான். அதற்கடுத்ததும் நேற்று கேட்டதுதான். மெஷின்காரன் படிக்கும் வரிசை அப்படியே இருந்தது.

சைட் வருவதற்குள், அன்றைக்கு மாலை கேட்கப்போகும் கேள்விகளின் வாசலில் போய் நின்றுவிட்டார். உள்ளே போகலாமா கூடாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்ததுதான் வினை.

"இருக்கிற கோள்லயே பெருசு எது? கடகடகட..."

"வியாழன்" என்றார் கொத்தனார்.

மெஷின் திடுக்கென்று நின்றது. அப்புறம் கம்பிக்காரர் போட்ட கூச்சலில் போனே அதிர்ந்தது. "மச்சான்! எங்கய்யா வச்சிருந்தே இத்தனை நாளா? டேய், கேட்டீங்களாடா? என் மச்சான்டா!" அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கொத்தனார் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்த இரண்டும் சேர்ந்து அவரைச் சாய்த்துவிட்டன.

அதற்குப் பிறகு தினமும் பஸ்ஸில் அதுவே வேலை. முழுக்கப் படிக்க அவருக்கு மூச்சும் போதாது, நேரமும் போதாது. கேள்வியின் முதல் இரண்டு வார்த்தை, பச்சை எரிகிற பதில், இரண்டையும் மட்டும் பிடித்துக்கொள்வார். சாந்து பூசும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். மாலையில் இருமிவிட்டு, யோசிக்கிற மாதிரி இழுத்து, பதிலைப் போடுவார். சந்தேகம் வரக் கூடாதென்று ஒன்றிரண்டை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பார். அதையும் அவர்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, "பரவாயில்லையே" என்று வேறு பாராட்டுவார்.

மேஸ்திரிப் பட்டம் அவர் வீட்டிலேயே குடியேறியது. மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் படிக்கலதான். ஆனா அவருக்குத் தெரியாதது இல்ல." பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் தன் மகளைக் கணக்குப் புத்தகத்தோடு அனுப்பிவிட்டாள். கொத்தனார் தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கம்பிக்காரரின் வழக்காடல் மெல்லக் குறைந்தது. ஐந்தாறு வாக்கியம் பேசியவர் ஒன்றோடு நிறுத்தினார். அப்புறம் "எனக்குத் தெரியல, மேஸ்திரியைக் கேளு" என்றார். சில நாள் முதுகு வலிக்கிறது என்று பாதியிலேயே லைனை விட்டுப் போனார். கொத்தனாருக்கு உறுத்தாமல் இல்லை. தோற்கிறவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

மெஷின்காரன் படிப்பதற்கு முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தான். "அட, நம்ம வீட்டுக் கேள்வி! இதுக்கெல்லாம் மெஷின் ஓட்டுறதே அசிங்கம். கேளுங்க. கான்கிரீட் கெட்டியாவது எதனால? தண்ணி வத்திக் காயுறதால, காத்து படுறதால, சிமெண்டும் தண்ணியும் ஒன்னாக் கலந்து இறுகுறதால. மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. மத்தவங்க சொன்னா உங்களுக்கு மரியாதையில்ல."

'கான்கிரீட் கெட்டியாவது' என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்ததுமே கொத்தனாரின் மனசில் காலையில் எரிந்த பச்சை எரிந்தது. இருமினார்.

"தண்ணி வத்திக் காயுறதால" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

கொத்தனாருக்கு உடனே புரியவில்லை. சொன்னது சரிதானே, பச்சை எரிந்ததே என்றுதான் நினைத்தார். அப்புறம் சொன்ன வார்த்தை அவர் காதிலேயே திரும்ப வந்து விழுந்தது.

தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்கிறவர் அவர். காயவிட்டால் கான்கிரீட் செத்துவிடும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர். தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தாலும் கல்லாய் இறுகும் என்று அவர் கைக்குத் தெரியும். மறுமுனையில் இருக்கிற மூன்று பேருக்கும் தெரியும். அந்த விளையாட்டைச் செய்தவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அவன் தப்பாகப் போட்டு வைத்ததை அப்படியே சொல்ல வேண்டுமென்றால், அதைப் பார்த்தவனால்தான் முடியும்.

"மெஷினு, பதில் என்ன போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"அது... காயுறதாலன்னுதான் போட்டிருக்குக்கா" என்றான் மெஷின்காரன். அவன் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் இறங்கிவிட்டது. "சரின்னுதான் காட்டுது."

"அப்ப நான் எதுக்குய்யா தலையில குடத்தை வச்சுக்கிட்டு மாடி மாடியா ஏறித் தண்ணி ஊத்தினேன்? இந்த மனுசன்தானே ஏச்சு ஏச்சுன்னு ஏசி..." அக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

கொத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் மனைவி வழக்கம் போலக் கையைத் தட்டினாள். சரியென்று காட்டியதே, அதற்குத்தான். அந்தத் தட்டல் அடங்கும் வரை நால்வரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு வேலை அசதி" என்றார் கம்பிக்காரர் கடைசியில். "எனக்குத் தூக்கம் வருது. நாளைக்குப் பாக்கலாம். வரேங்க மேஸ்திரி."

மறுநாள் சைட்டில் முந்தின நாள் போட்ட தளம் வெளிறிக் கிடந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டிய பெண் நிழலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் கொத்தனார் கத்திக் கூரையைப் பிய்த்திருப்பார். அன்றைக்கு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தானே குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தளம் முழுக்கப் பிடித்தார். ஒவ்வொரு பாத்தியும் நிறைய நிறைய அவருக்கு அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "என்னண்ணே, என்னைத் திட்டவே இல்ல?" என்று அந்தப் பெண் ஓடிவந்து குழாயை வாங்கினாள். "திட்டுறதுக்கு ஒரு யோக்கியதை வேணும்ல" என்று முணுமுணுத்தார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சொன்னால் வெட்கக்கேடு. அடுத்த நாள் காலை பஸ்ஸில் அவர் விரல் மறுபடி அதே விளையாட்டைத் திறந்தது. பழகிய கை. அன்றைக்கு வேண்டியதையும் தாண்டி, பச்சை ஒவ்வொன்றாக எரிந்தது. இறங்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. நடு ரோட்டில் நின்று போனை வெறித்துப் பார்த்தார். அன்று மாலை லைனுக்குப் போகவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. "ஏன் எடுக்கல? மேஸ்திரி இல்லாம எப்படி ஆடுவாங்க?" என்றாள் மனைவி. "அந்தப் பேச்சை விடு" என்று எரிந்து விழுந்தார். அவள் ஒன்றும் புரியாமல் விலகிப் போனாள்.

வாரக் கடைசியில் அக்கா தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, கம்பிக்காரன் போனை எடுக்கல. நேத்தும் எடுக்கல, இன்னைக்கும் எடுக்கல. அவன் பொண்டாட்டிகிட்டக் கேட்டேன். சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடக்கிறானாம். நீ போய்ப் பாத்துட்டு வா."

"நீ போயேன்க்கா."

"நான் போவேன். முதல்ல நீ போ. ஏன் உன்னைப் போகச் சொல்றேன்னு உனக்கே தெரியும்." வைத்துவிட்டாள்.

லீவு நாள் பிற்பகலில் கொத்தனார் போனார். சின்ன வீடு. ஜன்னலோரம் கட்டில். கதவைத் திறந்த கம்பிக்காரர் மனைவி, "வாங்கண்ணே, உங்களைப் பாத்தாலாவது பேசுவாரு" என்றாள். அதுவே முதல் அறை மாதிரி விழுந்தது. கட்டிலில் கிடந்தவரின் தலைமுடி சீவாமல் எழும்பி நின்றது. போன் தலையணை ஓரம் கவிழ்ந்து கிடந்தது.

"வா மேஸ்திரி" என்றார் கம்பிக்காரர்.

"அப்படிக் கூப்பிடாத மச்சான்."

"பட்டம் உன்கிட்டதானே இருக்கு?"

கொத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. "அன்னைக்கு அந்தக் கான்கிரீட்டுக் கேள்வி... வெயில்ல வேலை பாத்துட்டு வந்து தலை சுத்தல். என்ன கேக்கிறான்னே காதுல விழல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." சொல்லி முடித்துவிட்டு இருமினார்.

கம்பிக்காரர் அந்த இருமல் முடியும் வரை பொறுத்திருந்தார்.

"அந்த கேம் என் போன்லயும் வருது மச்சான்."

கொத்தனாரின் தலை தானாகக் குனிந்தது.

"மெஷின்காரன் ஆரம்பிச்ச புதுசுலயே பாத்துட்டேன். படுத்தே கிடக்கிறவன் போனைத் தவிர வேற எதைப் பாப்பேன்? அதே கேள்வி, அதே வரிசை. ரெண்டு பாத்தேன். மூடிட்டேன். பூராத்தையும் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ண? அப்புறம் சாயங்காலம் எனக்குன்னு என்ன இருக்கு? தெரியாம இருக்கிறதுதான்யா எனக்கு இப்ப இருக்கிற ஒரே வேலை."

அடுப்படியில் டம்ளர் உரசும் சத்தம் கேட்டது. கொத்தனார் தன் கை விரல்களின் இடுக்கில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீ வியாழன்னு சொன்னப்ப எனக்கு நிஜமாவே சந்தோசம். அப்புறம்தான் இருமல் வந்துச்சு. உன் இருமல் எனக்குத் தெரியாதா? பொய் சொல்லி லீவு கேக்கிறதுக்கு மேஸ்திரி முன்னாடி நின்னு இருமுவியே, அதே இருமல். அது கேட்டதும் அடுத்தது சரியான பதில்தான் வரும்னு தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வர்றப்ப எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"எப்படிச் சொல்ல? பின்னாடி உன் பொண்டாட்டி கைதட்டுறா. எத்தனை வருசம் உன்னைத் தெரியும் எனக்கு? உன் வீட்டுல உனக்கு யாரும் கைதட்டி நான் கேட்டதில்ல. நிறுத்தவும் மனசு வரல. கேட்டுக்கிட்டே கிடக்கவும் முடியல. போனைக் கவுத்து வச்சுட்டேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். அடித்திருந்தால் இன்னும் நல்லது. இப்படிப் படுத்துக்கொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல், தன் மீதே குறையைப் போட்டுக்கொள்கிற மாதிரி பேசினால் ஒருவன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்? எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது கொத்தனாருக்கு. கால்கள் வராதவன் முன்னால் எழுந்து ஓட நினைத்ததே இன்னொரு கேவலமாக இருந்தது. உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் சாய்ந்து ஜன்னல் கம்பியின் நிழல் கட்டிலில் ஏறிய நேரத்துக்குக் கவிழ்ந்திருந்த போன் அடித்தது. கம்பிக்காரர் அதைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"எடுக்கவா?" என்றார் கொத்தனார்.

"உன் இஷ்டம்."

எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, கம்பிக்காரரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கம்பி அண்ணே! இருக்கீங்களா? ஒரு வழியா எடுத்தீங்களே!" மெஷின்காரன் துள்ளினான்.

"இங்க கொத்தனாரும் இருக்காரு" என்றார் கம்பிக்காரர்.

"அப்படியா? வணக்கங்க மேஸ்திரி" என்றான் மெஷின்காரன், கால் ஊன்றப் பயப்படுகிறவன் போல.

"ஆரம்பிடா" என்றாள் அக்கா. "எனக்குத் துணி காயப்போடணும்."

"சரி, முதல் கேள்வி. துருவக் கரடியோட தோல் என்ன நிறம்? வெள்ளை, சிவப்பு, கறுப்பு. முடி இல்ல, முடிக்கு அடியில இருக்கிற தோல். கடகடகட..."

துருவக் கரடியோட. பச்சை எரிந்தது கொத்தனாருக்குள். கறுப்பு. தொண்டையில் இருமல் வந்து உட்கார்ந்தது, அதை விழுங்கினார். கம்பிக்காரர் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தார்.

தெரியல என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். இரண்டு எழுத்து நாக்கில் வந்த பிறகுதான் அதுவும் பொய் என்று உறைத்தது. இது தெரியாத மாதிரி நடிப்பது, அது தெரிந்த மாதிரி நடித்தது. வேறென்ன வித்தியாசம்?

"எனக்குத் தெரியும்" என்றார். "பஸ்ல பாத்துட்டேன். இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாமும் அப்படிப் பாத்துச் சொன்னதுதான். எனக்குச் சொந்தமா ஒன்னும் தெரியாது."

மெஷின் நின்றது.

"தெரியும் தம்பி" என்றாள் அக்கா. "காயுறதாலன்னு சொன்னியே, அப்பவே."

"எனக்கும்தான் அண்ணே" என்றான் மெஷின்காரன். "கேட்டா அசிங்கமாயிடுமேன்னு விட்டுட்டேன்."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அந்தக் கேள்விக்குப் பிறகும் மேஸ்திரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கொத்தனாருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"வீட்டுல சொல்லிட்டியா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"சொல்லணும். நாங்க யாரும் சொல்ல மாட்டோம்."

தட்டத் தூக்கிய கைகளோடு மனைவி நிற்பது கொத்தனாரின் கண்ணில் வந்தது. "சொல்றேன்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே, இன்னும் எவ்வளவு தூரம் படிச்சு வச்சிருக்கீங்க?" மெஷின்காரனுக்கு அவன் கவலை.

"கொஞ்சம் தூரம். இந்த வாரம் பூரா வரும்."

"பாழாப்போச்சு! அப்ப அது தீர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டத்துல இல்ல. புரியுதா?"

கொத்தனார் தலையை மட்டும் ஆட்டினார், அது போனில் தெரியாது என்பதையும் மறந்து.

"தலையை ஆட்டுறான்" என்று கம்பிக்காரர் அவருக்காகச் சொன்னார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மெஷினை ஓட்டுடா. கரடிதானே? சிவப்பு!"

"சிவப்பா? அது எப்படிண்ணே?"

"கம்பிக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன அடிப்போம்? ரெட் ஆக்சைடு. அடியில அது இல்லாம மேல வெள்ளை எப்படி நிக்கும்? துரு பிடிச்சிடாது? பனியிலேயே கிடக்கிற உருப்படிடா அது!"

அக்கா வெடித்துச் சிரித்தாள். மெஷின்காரன் மெஷினை ஓட்ட முடியாமல் திணறினான். கம்பிக்காரர் விடவில்லை. கரடிக்கு எத்தனை கோட் வேண்டும், காய எத்தனை நேரமாகும் என்று வழக்கை நீட்டிக்கொண்டே போனார். பேசப் பேச அவர் கண் ஓரமாகக் கொத்தனார் பக்கம் வந்தது, நெருங்கிவிட்டோமா, தூரமா என்று அந்த முகத்தில் தேடுகிறாற்போல.

கொத்தனார் போனை நீட்டிப் பிடித்தபடியே, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.